அண்ணன் காருக்கு நான் வாங்கித் தந்த சத்தம்!

பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, மேலே ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாட்டில் ஏதாவது ஓர் ஊரிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கும். என்னைப் போல டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு அது அல்வா. முப்பது நொடி வீடியோ, நான்கு பத்தி, ஒரு நக்கல் தலைப்பு. அவ்வளவுதான் வேலை.

போன டிசம்பரில் அப்படி ஒரு வீடியோ வந்தபோது, அந்தச் செய்தியை எழுதியது நான்தான். ‘டபடபன்னு சுத்துனீங்க... இப்போ சப்பையாப் போச்சுங்க!’ என்று தலைப்பு வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். ‘இவனுங்களுக்கு இதுதான் சரி’ என்று கமென்ட்டுகள் குவிந்தன. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டும் எமோஜிகள்.

அதே வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து பஸ் பிடித்து இரவு 11 மணிக்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அண்ணன் காரோடு காத்திருந்தான். அவன் சாவியைத் திருப்பியதும், டீக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் உட்பட அங்கிருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் காரின் அடியில் இருந்தது, ரோலர் நசுக்கிய அதே ரக சைலன்சர். அதற்குப் பாதிக் காசு கொடுத்ததும் நான்தான்.

ஒயிட் டவுனில் நாற்பது மீட்டர்

எங்கள் ஊர் மண்ணாடிப்பட்டு. புதுச்சேரி என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரும் கடற்கரையும் மஞ்சள் நிறக் கட்டடங்களும் எங்கள் பக்கம் கிடையாது. வில்லியனூர், பத்துக்கண்ணு தாண்டி, திருக்கனூர் வந்து, அங்கிருந்து வயல்களுக்கு நடுவே போனால் எங்கள் வீடு. ஒரே பயணத்தில் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் மாறி மாறிப் போய் வரும் அளவுக்கு எல்லை கலந்து கிடக்கும் பகுதி. நெல், கரும்பு, சவுக்கு. திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இரவு எட்டரைக்கெல்லாம் தெரு அடங்கிவிடும்.

அண்ணனுக்கு ஒயிட் டவுனில் ஓர் ஓட்டலில் வேலை. சாப்பிட வருகிறவர்களின் காரை வாங்கிக்கொண்டுபோய் பார்க்கிங்கில் விட்டு, அவர்கள் கிளம்பும்போது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆடி, பென்ஸ், எப்போதாவது ஒரு மஸ்டாங் என்று அவன் ஓட்டாத கார் இல்லை. ஆனால் எதையும் நாற்பது மீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. “ஒரு நாள் ராத்திரி மஸ்டாங்க ஸ்டார்ட் பண்ணேன் பாரு... நெஞ்சு அதிர்ந்துச்சு. பார்க்கிங்ல விட்டுட்டு எறங்கவே மனசு வரல” என்று ஒருமுறை சொன்னான். சொன்னபோது அவன் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்று வருடம் சேர்த்து வைத்து, 2014-ம் வருட மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். பெட்ரோல் வண்டி, 1,197 சி.சி. எங்கள் வீட்டின் முதல் கார். அம்மா எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் சுற்றி, திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தாள்.

போன ஆடியில் என் சம்பளம் கொஞ்சம் ஏறியது. “உனக்கு இன்னா வேணும் சொல்லு” என்று அண்ணனிடம் கேட்டேன். சட்டை, வாட்ச் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். “ஃப்ரீ ஃப்ளோ போடணும். பாதிக் காசு நான் போடுறேன், பாதி நீ குடு” என்றான்.

ஆறாயிரம் ரூபாய் அனுப்பினேன். அது என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. காருக்கு ஏதோ பவர் கூடும் என்றான். சரி என்றேன்.

‘பிக்கப் எகிறுது!’

அண்ணன் போன பட்டறையில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, பின்னால் இருந்த கம்பெனி சைலன்சரைக் கழற்றினார்கள். நடுவில் ‘ரெசனேட்டர்’ என்று சின்னதாக ஒரு டப்பா இருக்கும். அதையும் வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்து வெல்டிங் பண்ணினார்கள். கடைசியில் பளபளவென்று ஒரு ‘எண்ட் கேன்’. உள்ளே ஓட்டை போட்ட குழாய், சுற்றி கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. அவ்வளவுதான். இரண்டு மணி நேர வேலை. கழற்றிய சைலன்சரை அண்ணன் டிக்கியில் போட்டு எடுத்து வந்து, மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பிடித்திருந்தது. வில்லியனூர் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் அவன் மிதித்தான். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். “பாத்தியா, பிக்கப் எகிறுது!” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அம்மாவுக்கு எங்கள் இரண்டு பேரையும்விடச் சந்தோஷம். அண்ணன் வேலை முடிந்து வீடு வந்து சேர நள்ளிரவு 12 ஆகும். அப்பா போன பிறகு, அதுவரைக்கும் அம்மா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். இப்போது அந்தக் கவலை விட்டது. திருக்கனூர் தாண்டி வயல்வெளிக்கு வந்ததுமே வண்டிச் சத்தம் கேட்டுவிடும். அதுவரை படுத்திருந்து, சத்தம் கேட்டதும் எழுந்து தோசைக் கல்லை அடுப்பில் வைப்பாள். கல் காயவும் கார் வாசலுக்கு வரவும் சரியாக இருக்கும். “எம்புள்ள பத்திரமா வரான்னு ஊருக்கே தெரியுது” என்று சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள்.

ஊருக்கே தெரிந்தது. அதுதான் பிரச்னை.

மார்கழியில் எதற்குக் காற்று?

ரோடு ரோலர் செய்தி எழுதிவிட்டு ஊருக்குப் போன அந்த வாரம் மார்கழி பிறந்திருந்தது. சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு அம்மாவோடு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பனி. வயல் பக்கமிருந்து யாரோ நடந்து வந்தார்கள். தோளில் பாய், கக்கத்தில் தலையணை, தலையில் காதை மூடி மஃப்ளர். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, பக்கத்து வீட்டு மாமா.

மாமாவுக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஷிஃப்ட்டுக்கு ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வரும். இரவு ஒன்பதுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்துகொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் அவர் கணக்கு. சின்ன வயதில், “மாமா தூங்கிக்கினு இருக்காரு, சத்தம் போடாதீங்க” என்று எங்களை அதட்டாத ஆளே தெருவில் இல்லை.

“இன்னா மாமா, வயல்லேருந்து வர்றீங்க?” என்றேன்.

“மோட்டார் கொட்டாய்லதான் பாப்பா படுக்கறது. அங்க காத்து நல்லா வருது” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

கோலப்பொடி கையில் இருக்க, நான் அப்படியே நின்றேன். மார்கழி மாதத்தில், தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு, காற்று வாங்க யார் போவார்கள்?

அம்மா தலை நிமிராமல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். “ஐப்பசியிலேருந்தே அங்கதான் படுக்கறாரு” என்றாள், மெதுவாக. “நடுராத்திரியில முழிப்பு வந்துட்டா அவருக்கு அப்புறம் தூக்கமே வரதில்லையாம். மிஷின்கிட்ட நிக்கிற வேலையாச்சே. அத்தைதான் சொல்லுச்சு.”

“உனக்குத் தெரியுமா? அண்ணங்கிட்ட சொல்லலியா?”

அம்மா பதில் சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது.

சைலன்சருக்கு அமெரிக்காவில் ‘மஃப்ளர்’ என்றுதான் பெயர். எங்கள் கார் கழற்றிப் போட்டதை, மாமா தலையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நொடிக்கு நூறு வெடி

திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்ததும், நான்கு பத்திச் செய்திக்காகப் படிக்காததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். கோயம்புத்தூரில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கிடமும் போனில் பேசினேன்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்து, புகை வால்வு திறக்கும்போது உள்ளே இன்னும் அழுத்தம் மிச்சம் இருக்கும். அது ஒரேயடியாக வெளியே பாய்வதுதான் நாம் கேட்கும் சத்தம். நாலு சிலிண்டர் கார், நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால், இந்த வெடிப்பு நொடிக்கு 100 முறை நடக்கும். அதை அடக்குவதுதான் சைலன்சர். உள்ளே அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையோடு மோதி, இரண்டும் வலுவிழக்கும். மிச்சத்தைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். ரெசனேட்டரின் வேலை, ஒரே வேகத்தில் போகும்போது காதைக் குடையும் குறிப்பிட்ட ரீங்காரத்தை எடுப்பது. இதெல்லாம் நேற்று வந்த சமாசாரம் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்ட்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-லேயே சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

சரி, அதைக் கழற்றினால் பவர் கூடுமா?

மெக்கானிக் சிரித்தார். “ரேஸ் வண்டியில நாங்க சைலன்சர மட்டும் மாத்துறதில்லம்மா. காத்து உள்ள போற வழி, கேம் ஷாஃப்ட், கம்ப்ரஷன், பெட்ரோல் அளவு சொல்ற கம்ப்யூட்டர்... எல்லாத்தையும் சேர்த்து மாத்துவோம். அப்பதான் வெளியேத்துற குழாய்க்கு வேலை இருக்கு. உள்ள போறது அதேதான்னா, வெளிய போற வழியை மட்டும் அகலமாக்கி என்ன பண்றது?”

டர்போ இருக்கும் வண்டிகளில் குழாயையும் கம்ப்யூட்டர் புரோகிராமையும் சேர்த்து மாற்றினால் பவர் நிஜமாகவே கூடும் என்றார். ஆனால் எங்கள் ஸ்விஃப்ட் மாதிரி டர்போ இல்லாத வண்டியில், கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால், கூடுவது உட்கார்ந்திருப்பவர் உணர முடியாத அளவுதான். அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்திருப்பது ஏறக்குறைய 84 குதிரைத்திறன். குழாய் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் புகையின் வேகம் குறைந்து, கீழ் கியரில் இழுவை குறையவும் கூடும்.

“அப்புறம் ஏன் வேகமாப் போற மாதிரி இருக்கு?”

“காதுக்குத்தான் வேகம். சத்தம் ஏறினா மனசு வேகம்னு நினைச்சுக்கும். வண்டிக்கு அது தெரியாது” என்றார்.

நல்லவேளை, அண்ணன் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடவில்லை. சிலர் அதையும் பிடுங்கிவிடுகிறார்கள். தேன்கூடு மாதிரி இருக்கும் அதன் உள்பக்கத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்ஸைடு போன்ற நச்சை அதுதான் மாற்றுகிறது. அதை எடுத்தால் சத்தத்தோடு விஷமும் சேர்ந்து தெருவுக்கு வரும்.

சத்தம் விற்கும் என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். ஹார்லி டேவிட்சன் தன் இன்ஜின் சத்தத்துக்கே டிரேட் மார்க் கேட்டு 1994-ல் விண்ணப்பித்தது. ஆறு வருடம் இழுத்தடித்து, 2000-ல் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. நம்மூரில் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தோரி, பஞ்சாப், மெகாபோன், கோல்டு ஸ்டார் என்று சைலன்சர் பெயர்களெல்லாம் அத்துப்படி. எல்லாம் ‘நான் வர்றேன்’ என்பதை விதவிதமாகச் சொல்லும் குழாய்கள்தான்.

எல்லை மாறினாலும் சட்டம் மாறாது

சட்டத்தையும் பார்த்தேன். இந்த ரகக் கார் ஓடும்போது, 7.5 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 74 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது தயாரிப்பின்போதே விதிக்கப்படும் வரம்பு. குடியிருப்புப் பகுதியில், இரவு 10 முதல் காலை 6 வரை, மொத்தச் சத்தமே 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகள்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும், கம்பெனி வடிவமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சத்தம், புகை வரம்பை மீறி ஓட்டினால் 190-வது பிரிவு தனி: 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் ரத்து. எங்கள் பக்கம் எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை மாறும். இது மத்தியச் சட்டம், இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அடுத்த வாரமும் ஊருக்குப் போனேன். நள்ளிரவில் மாமா வீட்டு வாசலில், போனில் டெசிபல் பார்க்கும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். போன் கணக்கு கோர்ட்டில் செல்லாது, எனக்குப் புரிந்தால் போதும். தெரு அமைதியாக இருந்தபோது 38 காட்டியது. அண்ணன் திருப்பத்தில் கியர் மாற்றி வந்தபோது 91.

டெசிபல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கணக்கு இல்லை. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 38-க்கும் 91-க்கும் நடுவில் ஐம்பதுக்கு மேல் இருக்கிறது. தூங்குகிற மனுஷனின் காதருகே அது என்ன செய்யும் என்று மாமாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் அத்தை புரண்டு படுக்கும்போது கட்டில் கிறீச்சிடும் ஓசை கேட்டது.

சண்டை

தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு கோபம் வந்தது.

“மார்கழி பூரா நாலரைக்கு மைக்செட் போடறாங்க, அது சத்தமில்லையா? கரும்பு டிராக்டர் பாட்டு போட்டுக்கினு போவுது, அது?”

“மார்கழி ஒரு மாசம். அதுவும் அவர் எழுந்திரிக்கிற நேரம். நீ வருஷம் பூரா நடுராத்திரியில வர்ற.”

“வாங்கும்போது நீயும்தான காசு குடுத்த? ஏறி உக்காந்து சிரிச்ச?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில் சொன்னான்:

“தெனம் முப்பது காரு பார்க் பண்றேன். சாவிய நீட்டறப்ப ஒருத்தன் மூஞ்சியப் பாக்க மாட்டான். வண்டியத்தான் பாப்பான், கீறல் இருக்கான்னு. இந்தச் சத்தம் கேட்டாத்தான் நாலு பேரு திரும்பிப் பாக்கறான். அதுவும் வேணாம்னா எப்படி?”

எனக்குத் தொண்டை அடைத்தது. ‘டபடபன்னு சுத்துனீங்க’ என்று நான் தலைப்பு வைத்தேனே, அந்தச் சப்பையான குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒருவன் இருந்திருப்பான் என்பது எனக்கு அன்றைக்கு உறைத்தது. அவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் நான் நக்கல் அடித்தவன் யாரென்று தெரிந்தது.

“திரும்பிப் பாக்கறது சரி. எரிச்சலாப் பாத்தா?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, “அவரு வயல்ல படுத்துக் கெடக்கறாருடா. பூச்சி பொட்டு இருக்கற எடம்” என்றாள். மூன்று மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தவள், அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் அன்று இரவு அதிக நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

பரணிலிருந்து இறங்கியது

திங்கட்கிழமை அவனுக்கு வார விடுமுறை. நான் சென்னைக்கு வந்துவிட்டிருந்தேன். மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பரணிலிருந்து இறக்கிய பழைய சைலன்சர். மேலே சிலந்தி வலை, ஒரு பக்கம் கோழி எச்சம். கீழே ஒரு வரி: ‘மாத்த கூலி ஆயிரத்து ஐநூறு. பாதி நீ’.

உடனே அனுப்பினேன். இப்படி ஒரு கணக்கைச் சந்தோஷமாகத் தீர்த்தது அதுதான் முதல் தடவை.

ரெசனேட்டரை வெட்டி எடுத்திருந்ததால், அதைத் தேடிப் பிடித்து வெல்டிங் பண்ண வேண்டியிருந்தது. எடுக்கும்போது இரண்டு மணி நேரம் ஆன வேலை, திரும்ப வைக்க ஒரு நாள் முழுக்க ஆனது. மாற்றுவதற்கு முன்பு இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கழற்றிய சாமானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாத மாற்றம் என்றால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் கேள்வி வரலாம். புது வண்டி என்றால் வாரன்ட்டிக்கும் சிக்கல்.

சத்தம் பிடிக்கும் என்பதில் தப்பே இல்லை. எனக்கு இன்னமும் பிடிக்கும். அதற்கென்று இடம் இருக்கிறது. சென்னைக்கு அந்தப் பக்கம் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்தது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே உறுமுகிற வண்டியில் குழாய் மட்டுமில்லாமல் முழு இன்ஜினும் உறுமலுக்குத் தயாராகியிருக்கும். கேட்க வந்தவர்கள்தான் கேட்பார்கள். அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும்போது அண்ணனைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் செலவு முழுக்க என்னுடையது.

அம்மாவின் தலையணைக்கு அடியில்

பொங்கலுக்குப் போனேன். காரில் ஏறியதும் முதலில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. பத்துக்கண்ணு தாண்டுவதற்குள் பழகிவிட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். யோசித்துப் பார்த்தால், ஆடியிலிருந்து அந்தக் காரில் கத்தாமல் பேசியதே இல்லை.

பிக்கப்? அப்படியேதான் இருக்கிறது. அண்ணனே ஒப்புக்கொண்டான்.

அம்மாவுக்குத்தான் நஷ்டம். சைலன்சர் மாற்றிய முதல் நாள் ராத்திரி, சத்தம் எதுவும் கேட்காமல், வாசலில் திடீரென்று லைட் வெளிச்சம் விழுந்ததும் பயந்துபோய் எழுந்தாளாம். அதற்கு முந்தைய பழக்கம் மறுபடி தொற்றிக்கொண்டது: திண்ணை, கொசு, தூங்காத கண். நாலு நாள் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். திருக்கனூரில் வண்டியை ஓரம் நிறுத்தி, அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால். அம்மாவின் போன் தலையணைக்கு அடியில், வைப்ரேஷனில். அது ‘விர்ர்’ என்றதும் எழுந்து தோசைக் கல்லை வைக்கிறாள்.

“முன்ன மாதிரி இல்லதான். ஆனா இது எனக்கு மட்டும் கேக்குது” என்றாள்.

நான் என் பழைய செய்தியை எடுத்துப் பார்த்தேன். தலைப்பை இப்போது மாற்ற முடியாது. அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால், நான்கு பத்தியோடு நிறுத்த மாட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று விடியற்காலை. நானும் அம்மாவும் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாமா வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார். தலையில் மஃப்ளர் இல்லை. எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இன்னா பாப்பா... கேக்கறனேன்னு நெனச்சிக்காத. அண்ணனுக்கு அந்த ஓட்டல் வேலை போயிடுச்சா? பத்து பாஞ்சு நாளா ராத்திரியில வண்டிச் சத்தமே கேக்கலியே. நம்ம கம்பெனியில வேணா சொல்லிப் பாக்கட்டா?”

அம்மா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“இல்ல மாமா” என்றேன். “தெனமும் பன்னெண்டு மணிக்கு வந்துக்கினுதான் இருக்கான்.”